ட்ரெய்லருக்கும் இழுவை லாரிக்கும் இடையே: புதுக்கோட்டைச் சாலைகளில் இடைவெளிச் சிக்கல்

புதுக்கோட்டை மாவட்டத்தின் சாலைகளில் ஓடும் கனரகச் சரக்கு ஊர்திகளில் ஒரு வகை, தனித்தனியாகக் கழற்றக்கூடிய இரு பகுதிகளைக் கொண்டது. முன்னால் எந்திரமும் ஓட்டுநர் அறையும் உள்ள இழுவை லாரி செல்ல, பின்னால் தனக்கென முன்சக்கரம் இல்லாத ட்ரெய்லர், தன் முன்பாரத்தை அந்த லாரியின் முதுகில் சாய்த்துக்கொண்டு தொடர்கிறது. இவ்விரண்டையும் இணைப்பது, லாரியின் பின்சக்கரங்களுக்கு மேலே சேசிஸில் பொருத்தப்பட்டு, கிரீஸ் தடவப்பட்ட ஒரு கனத்த எஃகுத் தட்டு. அதன் பிளவுக்குள் ட்ரெய்லரின் அடியிலிருந்து நீண்டிருக்கும் கிங்பின் என்ற எஃகு முளை புகுந்து பூட்டிக்கொள்கிறது. குதிரை வண்டிகளின் முன்னச்சு திரும்புவதற்காகக் கிடையாக வைக்கப்பட்ட வளையத்தின் வழியில் வந்ததால், ஐந்தாம் சக்கரம் என்ற பெயர் இத்தட்டுக்கு நிலைத்துவிட்டது. இந்த இணைப்பைச் சுற்றி, ட்ரெய்லரின் அடிப்பகுதிக்கும் லாரியின் சேசிஸுக்கும் நடுவிலும், ட்ரெய்லரின் முன்முகத்துக்கும் ஓட்டுநர் அறையின் பின்சுவருக்கும் நடுவிலும் எவ்வளவு வெற்றிடம் வேண்டும் என்பது, பார்வைக்குச் சிறிய கேள்வியாகத் தோன்றினாலும், கண்மாய்க் கரைகளும் தரைப்பாலங்களும் நிறைந்த ஒரு மாவட்டத்தில் ஊர்தியின் பாதுகாப்பையே தீர்மானிக்கும் கேள்வியாகும். பட்டறையின் சமதளத்தில் நாடா பிடித்து அளந்த ஓர் எண்ணை அதற்கு விடையாகக் கொள்வது வழக்கமாக இருக்கிறது; அந்த எண் தேவையானதே என்றாலும், சாலையின் வடிவத்தோடு சேர்த்துப் பார்க்காத வரை அது பாதி விடைதான்.

இவ்வகை இணைப்பு நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு கொண்டது. 1914-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ஒரு மரவணிகர் தம் படகை ஏற்றிச் செல்ல வழி கேட்டபோது, ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர் ஃபோர்டு மாடல்-டி காரின் பின்னால் இணைத்து இழுக்கும் ட்ரெய்லர் ஒன்றைச் செய்து கொடுத்தார்; அதே வணிகர் அடுத்து மரச்சுமைக்கும் அத்தகைய ட்ரெய்லர்களைக் கேட்க, ஒரு பெருந்தொழில் பிறந்தது. அந்நாட்டில் பின்னாளில் பிக்கப் எனப்படும் சிறு லாரியின் சரக்குத் தொட்டிக்குள்ளேயே சிறிய ஐந்தாம் சக்கரத்தைப் பொருத்தி, வீடு போன்ற பயண ட்ரெய்லர்களை இழுக்கும் பழக்கமும் பரவியது. தொட்டியின் பக்கச் சுவர்களுக்கு மேல் ட்ரெய்லரின் முன்பகுதி நீண்டு கிடப்பதால், அச்சுவரின் விளிம்புக்கும் ட்ரெய்லரின் அடிக்கும் இடையே ஏறத்தாழ ஆறு அங்குலம், அதாவது 150 மில்லிமீட்டர், இடைவெளி வேண்டும் என்ற நடைமுறை விதி அங்கே உருவாயிற்று. கிங்பின்னிலிருந்து தொட்டியின் பின்விளிம்பு 1.2 மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொண்டால், 150 மில்லிமீட்டர் வெற்றிடம் இரு ஊர்திகளும் ஒன்றையொன்று நோக்கி ஏறத்தாழ 7 பாகை சாயும் வரை முட்டாமல் காக்கும். ஆகவே அந்த ஆறு அங்குலம் ஒரு நீளமாகச் சொல்லப்பட்டாலும் உண்மையில் அது ஒரு கோணமே. இந்த ஒன்றை உணர்ந்துகொண்டால், அமெரிக்கப் பயண ட்ரெய்லருக்குச் சொன்ன கணக்கைத் திருமயத்தில் குழாய் ஏற்றும் ட்ரெய்லருக்கும் பொருத்திப் பார்க்க முடியும்.

புதுக்கோட்டையில் இக்கணக்குக்கு உரிய சரக்கு குறைவில்லை. திருமயத்தில் பெல் நிறுவனத்தின் மின்நிலையக் குழாய்ப் பிரிவு இயங்குகிறது. 2013 ஆகஸ்டு 2 அன்று அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அங்கு உருவாகும் கனமான நீண்ட குழாய்கள் சாலை வழியே வெளியேற வேண்டியவை. திருச்சியிலிருந்து கீரனூர் வழியாகப் புதுக்கோட்டைக்கு வரும் 336-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தஞ்சாவூரிலிருந்து கந்தர்வகோட்டை, புதுக்கோட்டை, திருமயம் வழியாக மானாமதுரை செல்லும் 36-ஆம் எண் சாலை, திருமயத்திலிருந்து காரைக்குடி வழியே இராமநாதபுரம் செல்லும் 536-ஆம் எண் சாலை ஆகியவை இம்மாவட்டத்தின் முதன்மை வழிகள். இவற்றில் குழாய்கள் மட்டுமன்றிக் கல் குவாரிகளுக்குச் செல்லும் பொக்லைன் எந்திரங்களும், காகித ஆலைகளுக்குச் செல்லும் தைலமரக் கட்டைகளும், கடைமடைப் பகுதியான அறந்தாங்கி வட்டாரத்துக்கு அறுவடைப் பருவத்தில் வரும் பெல்ட் வகைக் கதிரறுக்கும் எந்திரங்களும் பயணிக்கின்றன. தேசிய நெடுஞ்சாலையில் சிக்கல் குறைவு. அதை விட்டு இறங்கி, குவாரிக்கோ வயலுக்கோ திரும்பும் ஊராட்சிச் சாலையில்தான் இடைவெளி சோதிக்கப்படுகிறது, ஏனெனில் மழைநீரைத் தேக்கி வாழ்ந்த இந்நிலத்தில் பாதைகள் கண்மாய்க் கரையில் ஏறி இறங்குகின்றன, ஓடைகளைத் தரைப்பாலத்தில் தாழ்ந்து கடக்கின்றன.

கண்மாய்க் கரையைக் கடக்கும் நிகழ்வை வடிவக் கணக்காகப் பார்க்கலாம். சமவெளிச் சாலைகளுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த சரிவு, இயல்பாக 30-க்கு 1 என்றும், எல்லையாக 20-க்கு 1 என்றும், விதிவிலக்கான இடங்களில் 15-க்கு 1 என்றும் அமைகிறது. அந்த விதிவிலக்கு அளவிலேயே சாலை கரையில் ஏறி, மறுபக்கம் அதே சரிவில் இறங்குவதாகவும், உச்சி வளைவாகச் சீர்செய்யப்படாமல் கூராக இருப்பதாகவும் கொண்டால், லாரி இறக்கத்திலும் ட்ரெய்லர் ஏற்றத்திலும் இருக்கும் கணத்தில் இரண்டுக்கும் இடையே 7.6 பாகைக் கோணம் உண்டாகிறது. அப்போது லாரியின் மூக்கு தாழ, கிங்பின்னுக்குப் பின்னால் நீண்டிருக்கும் அதன் சேசிஸ் வால் மேலெழுகிறது, வால் 1.2 மீட்டர் நீளமானால் அதன் முனை 160 மில்லிமீட்டர் உயர்ந்து ட்ரெய்லரின் அடியை நெருங்கும். இணைப்பின் அளவுகளை வரையறுக்கும் ஐஎஸ்ஓ 1726 என்ற பன்னாட்டுத் தரம், ட்ரெய்லர் முன்னோக்கி 6 பாகையும் பின்னோக்கி 7 பாகையும் சாய இடம் விடச் சொல்கிறது. விதிகளுக்கு உட்பட்ட சரிவே, உச்சி வளைவு ஒழுங்காக அமைக்கப்படாவிட்டால், அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது என்பது கவனத்துக்குரியது. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 55-ஆம் ஒழுங்குவிதி, தட்டு முன்பின்னாக 12 பாகை வரை சாயக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. எனவே தட்டு தாங்கும், ஆனால் அதைச் சுற்றியுள்ள சேசிஸ் வாலும் மட்கார்டும் பின்விளக்கும் அதற்கு முன்பே நசுங்கும்.

தரைப்பாலத்தில் இதே நிகழ்வு தலைகீழாகிறது. லாரி எதிர்க்கரையில் ஏறத் தொடங்கி மூக்கைத் தூக்க, ட்ரெய்லர் இன்னும் இறக்கத்தில் மூக்கைத் தாழ்த்தியிருக்கிறது. ஆகவே கிங்பின்னுக்குப் பின்னால் இடைவெளி விரிய, முன்னால் சுருங்குகிறது. இங்கே பலரும் கணக்கில் எடுக்காதது உயரத்தின் பங்கு. தட்டுக்கு மேலே 2.5 மீட்டர் உயரத்தில் உள்ள சுமையின் முன்விளிம்பு, மேற்சொன்ன 7.6 பாகைக் கோணத்தில், ஓட்டுநர் அறையை நோக்கி ஏறத்தாழ 33 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். சமதளத்தில் போதிய இடைவெளி இருந்ததே என்று நம்பி, தட்டுக்கு முன்னால் உயரமாக அடுக்கிய கட்டையோ குழாயோ அறையின் பின்சுவரைத் தொடுவது இப்படித்தான். தாழ்வான சரக்குக்கு அந்த நகர்வு சில சென்டிமீட்டரே என்பதால், ஒரே ஊர்திக்கு ஒரே சாலையில் ஒரு சுமை பொருந்தும், மற்றொன்று பொருந்தாது.

பக்கவாட்டுச் சாய்வு வேறு வகையானது. சரக்கு ட்ரெய்லரின் தட்டு முன்பின்னாகத் தாராளமாகச் சாயும், பக்கவாட்டில் மிகச் சிறிதே அசையும்; 55-ஆம் ஒழுங்குவிதி பக்கவாட்டில் அனுமதிக்கும் சுழற்சியும் 3 பாகைக்கு மேற்படாது. நேராகச் செல்லும்போது இது நன்மையே, ஏனெனில் ட்ரெய்லர் கவிழ முனையும்போது லாரியின் எடையும் அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் குறுகிய திருப்பத்தில் ட்ரெய்லர் லாரிக்குச் செங்குத்தாக நிற்கும் நிலைக்கு வந்தால், தட்டின் முன்பின் சாய்வே ட்ரெய்லரின் பக்கவாட்டுச் சாய்வாக மாறிவிடுகிறது. அந்நிலையில் ட்ரெய்லரின் ஒருபக்கச் சக்கரங்கள் சாலையை விட்டு மண்ணில் இறங்கினால், அதைத் தடுத்துப் பிடிக்க லாரியால் இயலாது, மறுபுறம் சேசிஸ் வாலும் அடிப்பகுதியும் மோதவும் கூடும். திருப்பத்தில் சாலையோர மண் உறுதியாக உள்ளதா என்பதை இறங்கிப் பார்த்த பிறகே திருப்பும் ஓட்டுநர்களின் வழக்கம் இந்த வடிவக் கணக்கைச் சொற்களின்றி அறிந்ததன் விளைவு. அதைக் காலவிரயம் என்று கடிந்துகொள்ளும் உரிமையாளர்களின் கருத்து ஏற்கத்தக்கதல்ல.

திருப்பத்தின்போது ட்ரெய்லரின் முன்மூலைகள் வரையும் வட்டம், முன்னிடைவெளியின் அளவைத் தீர்மானிக்கிறது. கிங்பின்னிலிருந்து ட்ரெய்லரின் முன்முகம் 1.6 மீட்டர் தொலைவிலும், ட்ரெய்லரின் அகலம் 2.5 மீட்டராகவும் இருந்தால், மூலையின் ஆரம் 2.03 மீட்டர். கிங்பின் அச்சிலிருந்து ட்ரெய்லரின் முன்பகுதியின் எந்தப் புள்ளியும் கிடையாக 2.04 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, ஓர் ஊரில் செய்த ட்ரெய்லரை வேறு ஊரில் செய்த எந்த லாரியும் முட்டாமல் இழுக்க வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்டது. ட்ரெய்லரை மட்டும் அளந்து திருப்தியடைவது இங்கே போதாது. குழாய் போன்ற நீண்ட சரக்கு முன்முகத்தைத் தாண்டி அரை மீட்டர் நீட்டிக்கொண்டிருந்து, ட்ரெய்லரின் முழு அகலத்துக்கும் அடுக்கப்பட்டிருந்தால் ஆரம் 2.44 மீட்டராகிறது, அதே நீட்சி நடுவில் இரண்டு மீட்டர் அகலத்துக்குள் அடங்கினால் 2.33 மீட்டர் போதும். முன்னால் நீட்ட வேண்டிய குழாயை நடுவிலும், நீளம் குறைந்ததை ஓரங்களிலும் வைக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் நேரடி விதி.

பரிகாரங்களில் முதலில் நினைவுக்கு வருவது உயர்த்துதல். தட்டின் அடியில் கூடுதல் தாங்கி வைத்தோ, ட்ரெய்லரின் அச்சுக்கு அடியில் தொங்கும் ஸ்பிரிங் பட்டைகளை அச்சுக்கு மேலே மாற்றிப் பொருத்தியோ இதைச் செய்கின்றனர். தட்டை மட்டும் உயர்த்தினால் ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்க, சுமையின் ஒரு பங்கு பின் அச்சுகளுக்கு நகர்ந்து, அங்குள்ள டயர்களும் பட்டைகளும் மிகுதியாகத் தேய்கின்றன. பாரவண்டியில் முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோவதும், பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுவதும் வண்டிக்காரர்கள் நன்கறிந்த செய்தி. ட்ரெய்லரிலும் அதே சமநிலைதான் காக்கப்பட வேண்டும். பயண ட்ரெய்லர்களில் மொத்த எடையின் 15 முதல் 25 விழுக்காடு வரை கிங்பின்னில் இறங்க வேண்டும் என்று கொள்வதும் இதற்காகவே. இரு பக்கமும் சமமாக உயர்த்தினால் சமநிலை கெடாது என்றாலும், எடைமையம் மேலேறுவதால் கவிழும் வாய்ப்பு கூடுகிறது, மொத்த உயரமும் கூடுகிறது. மின்மயமான ரயில் பாதையின் கேட்டுகளில் நிறுத்தப்பட்டுள்ள உயரத் தடுப்புச் சட்டம் 4.67 மீட்டர் அளவிலானது. மேம்பாலங்களின் அடியில் ஊர்ப்புறச் சாலைகளில் 5 மீட்டரும் நகரங்களில் 5.5 மீட்டரும் வெற்றிடம் இருக்க வேண்டும் என்பது சாலைக் காங்கிரஸின் வரையறை. ஆனால் கேட்டுகளுக்கு மாற்றாக அமைக்கப்பட்ட உயரம் குறைந்த ரயில்வே சுரங்கப்பாதைகளில் அந்த அளவு கிடைக்காது. கீழே பத்து சென்டிமீட்டர் பெற்று மேலே பத்து சென்டிமீட்டர் இழக்கும் உயர்த்தல், திருச்சி - காரைக்குடி ரயில் பாதையைக் கடந்தாக வேண்டிய ஊர்திக்குத் தீர்வாகாது.

கிங்பின்னுக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையிலுள்ள தொலைவைக் கூட்டத் தட்டைப் பின்னால் நகர்த்துவது மற்றொரு வழி. தட்டு பின்னச்சின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் வரைதான் சுமையின் ஒரு பகுதி முன்சக்கரங்களுக்குச் செல்கிறது. நடுக்கோட்டைத் தாண்டிப் பின்னால் போனால் முன்சக்கரங்கள் இலேசாகி, ஸ்டீயரிங்கின் பிடி தளர்கிறது. இவ்விலை கொடுக்கத்தக்கதன்று. சேசிஸ் வாலின் நீட்சியைக் குறைப்பதும், அதன் மேல்விளிம்பைச் சாய்வாக அமைப்பதும் இழுவை லாரியை வடிவமைக்கும்போதே செய்யப்பட வேண்டியவை; சாதாரண லாரியின் சேசிஸை வாங்கி, தயாரிப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் வெல்டிங் பட்டறையில் வெட்டி இழுவை லாரியாக்கும் முயற்சி, இடைவெளியைத் தந்து வலிமையைப் பறிக்கும்.

இடைவெளி கூடாத இடமும் ஒன்று உண்டு. தட்டின் மேற்பரப்புக்கும் அதன்மேல் அமரும் ட்ரெய்லரின் அடித்தகட்டுக்கும் நடுவே, பூட்டிய பின் விளக்கொளி கூட நுழையக் கூடாது. இணைக்கும் நேரத்தில் தாங்குகால்கள் மிகுதியாக நீட்டப்பட்டு ட்ரெய்லர் உயர்ந்து நின்றால், கிங்பின் பூட்டின் தாடைகளுக்குள் இறங்காமல் மேலேயே நின்று, பூட்டியது போன்ற தோற்றத்தை மட்டும் தருகிறது; அத்தகைய ட்ரெய்லர் முதல் வேகத்தடையிலேயே கழன்றுவிடலாம். இதைத் தவிர்க்க, ட்ரெய்லரின் அடித்தகடு தட்டின் உயரத்திலோ அல்லது 50 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் தாழ்வாகவோ இருக்கும்படி கால்களைச் சரிசெய்து இணைக்குமாறு தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகின்றனர். பொதுவாகப் பயன்படும் இரண்டு அங்குலக் கிங்பின்னின் விட்டம் 50.8 மில்லிமீட்டர், தேய்ந்து 49 மில்லிமீட்டருக்கு வந்ததும் அதை மாற்ற வேண்டும்.

ஸ்பிரிங்கின் நிலையும் இடைவெளியைக் காலப்போக்கில் குறைக்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்புகளை உயர்த்தியபோது, நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்பது 11.5 டன்னாகவும், இரட்டை அச்சுக்கு 19 டன் என்பது 21 டன்னாகவும், ஊர்தியின் மொத்த எடை வரம்பு 49 டன்னிலிருந்து 55 டன்னாகவும் ஆயின. பழைய வரம்புக்கு ஏற்ப அமைந்த பட்டைகளோடு புதிய வரம்பு வரை ஏற்றினால், ஸ்பிரிங் கூடுதலாக அமுங்கும் அளவு ஊர்திக்கு ஊர்தி வேறுபட்டாலும், லாரியின் பின்புறம் தாழ்வதால் தட்டின் உயரமும் ட்ரெய்லரின் நிலையும் மாறுவது உறுதி. வெற்று ஊர்தியில் அளந்த இடைவெளியை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே முதற்காரணம். இருவேறு சுமைநிலைகளிலும் அளப்பது ஒரு மணி நேர வேலைக்கு மேல் ஆகாது.

இதுவரை சொன்னவை ஊர்தியின் பக்கம். சாலையின் பக்கம் பேசப்படுவது குறைவு என்பதால், அதைச் சற்று விரித்துச் சொல்வது தகும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் 99-ஆம் எண் வழிகாட்டி, பொதுப் போக்குவரத்து மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான வேகத்தடையை, 17 மீட்டர் ஆரமுள்ள வளைவாக, 3.7 மீட்டர் நீளத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில் அமைக்கச் சொல்கிறது. அத்தகைய தடையில் 3.8 மீட்டர் அச்சிடைத் தொலைவு கொண்ட லாரியின் பின்சக்கரம் ஏறி நிற்கையில், லாரியின் சாய்வும் ட்ரெய்லரின் சாய்வும் சேர்ந்து 2.2 பாகையளவே ஆவதால், சேசிஸ் வாலின் முனை ஐந்து சென்டிமீட்டருக்குள்ளேயே எழுகிறது. உயரம் இரு மடங்கானால் எழுச்சியும் 9 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது; குறுகலாகவும் கூராகவும் கட்டிய தடையில் ஸ்பிரிங்கின் துள்ளல் அதற்கு மேல் சேரும். ஊர்களுக்குள் விபத்துக்குப் பிறகு அவசரமாக எழுப்பப்படும் மேடுகள் எந்த வழிகாட்டியையும் பாராமல் அமைவது தமிழகம் முழுதும் காணக்கூடியது. குழந்தைகள் கடக்கும் பள்ளியின் முன் வேகத்தடை வேண்டும் என்ற ஊராரின் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. அந்த நியாயத்துக்குச் சரியான வடிவம் கொடுப்பது பொறியாளரின் கடமை.

லோ-பெட் எனப்படும் தாழ்மேடை ட்ரெய்லருக்கு இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. பொக்லைன் போன்ற உயரமான எந்திரங்களை ஏற்றுவதற்காக மேடையைத் தரைக்கு அருகே இறக்கி, முன்பகுதியை மட்டும் வளைத்து உயர்த்தித் தட்டின்மேல் அமர்த்தியிருப்பதால், வளைவின் அடியில் லாரியின் சக்கரங்களுக்கான இடைவெளியும் மேடையின் அடியில் சாலைக்கான இடைவெளியும் ஒன்றுக்கொன்று போட்டியிடுகின்றன. லாரியின் பின்சக்கரத்துக்கும் ட்ரெய்லரின் சக்கரங்களுக்கும் இடையே 9 மீட்டர் இருந்து, 15-க்கு 1 சரிவுள்ள கரையின் கூரான உச்சி நடுவில் அமைந்தால், சக்கரங்களின் மட்டத்தை விட உச்சி 30 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். அதற்குக் குறைந்த தரையிடைவெளி கொண்ட மேடை அங்கேயே படிந்து, சக்கரங்கள் பிடிப்பிழந்து நிற்கும். கண்மாய்க் கரையில் இப்படிச் சிக்கினால் சாலை அடைபடுவதோடு, கரையும் சிதையக்கூடும். ரயில்வே கேட்டின் அணுகுசாலை உயர்ந்து தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் அதே படிவு நேர்ந்தால் விளைவு உயிர்களோடு தொடர்புடையதாகிறது. ஊர்தியை உயர்த்தி இதைச் சமாளிக்க இயலாது; உச்சியைச் சில மீட்டர் நீளத்துக்கு மென்மையான வளைவாக மாற்றுவதே வழி.

ஆதலால் பொறுப்பு பகிர்ந்தே ஏற்கப்பட வேண்டியது. ஊர்தி உரிமையாளர்கள் சுமையேற்றிய நிலையிலும் வெற்று நிலையிலும் முன்னிடைவெளி, பின்னிடைவெளி, தரையிடைவெளி, மொத்த உயரம் ஆகிய நான்கையும் அளந்து ஓட்டுநர் அறையில் எழுதி ஒட்டிவைக்க வேண்டும். உயர்த்துவதற்கு முன், தளர்ந்த ஸ்பிரிங் பட்டைகளையும் சுமை அடுக்கும் முறையையும் சரிசெய்ய வேண்டும். அளவு மீறிய சரக்குக்கு அனுமதி வழங்கும் அலுவலர்கள் நீளம், அகலம், உயரத்தோடு வழியிலுள்ள கரைகள், தரைப்பாலங்கள் பற்றிய விவரங்களையும் கேட்டுப் பெற வேண்டும். நெடுஞ்சாலைத் துறையும் ஊராட்சி ஒன்றியங்களும், குவாரிகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் செல்லும் சாலைகளில் தரத்துக்கு மாறான வேகத்தடைகளை மறுவடிவமைத்து, கூரான கரையுச்சிகளின் இரு பக்கமும் சரிவின் அளவைக் காட்டும் பலகைகளை நட வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. வழிகாட்டி நூல்களில் ஏற்கெனவே உள்ள அளவுகளை, அடுத்த முறை சாலை புதுப்பிக்கப்படும்போது, ஒப்பந்தப் பணியில் சேர்த்தாலே போதும்.